ஏட்டை மாற்றிய ஊரில் ஒரு மடிக்கணினி

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை நோக்கி ஏ9 வீதியில் ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் சென்றால், பிளவுண்டு கிடக்கும் பெரும் பாறைகளுக்கு நடுவே அளுவிகாரை தென்படும். அதுவரை பிக்குமாரின் நாவிலும் நினைவிலும் மட்டுமே வாழ்ந்துவந்த திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில் இங்கேதான் முதன்முதலாக எழுத்தில் ஏறியது என்பது மரபு. எழுதி வைத்தார்கள் என்ற செய்தியை மகாவம்சம் தருகிறது. இடம் அளுவிகாரை என்பதைப் பின்னால் வந்த நூல்களே சொல்கின்றன. ஐந்நூறு பிக்குமார் கூடியிருந்து எழுதினர் என்பதும் அந்த மரபில் சேர்ந்ததே.

ஏன் எழுதினார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டிய விடயம். வலகம்பா முடிசூடிய சில மாதங்களிலேயே தென்னிந்தியாவிலிருந்து வந்த படையிடம் அரசை இழந்து, பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் மறைந்து வாழ்ந்தான். தம்புள்ளைக் குகையில் அவன் ஒளிந்திருந்தான் என்ற கதை மாத்தளை மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். புலகத்தன் தொடங்கித் தாட்டிகன் ஈறாக ஐந்து தமிழர் அநுராதபுரத்தில் அடுத்தடுத்து ஆண்ட காலம் அது. அதே காலத்தில் நாட்டைக் கொடிய பஞ்சமும் பிடித்தது. நமது பாடப்புத்தகங்களில் படையெடுப்புக்குக் கிடைத்த இடம் பஞ்சத்துக்குக் கிடைக்கவில்லை. ஆனால் நூலை நெஞ்சில் சுமந்த மனிதர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது பசிதான். மகாநித்தேசம் என்னும் பகுதியை முழுமையாக அறிந்தவர் ஒரேயொரு பிக்கு மட்டுமே எஞ்சியிருந்தார் என்று பாளி உரைநூல் கூறுகிறது. அவரோ ஒழுக்கத்தில் நல்ல பெயர் எடுத்தவர் அல்லர். அவரிடம் போய்ப் பாடம் கேட்கச் சக பிக்கு ஒருவர் தயங்கினாராம். இவர் கண்மூடினால் நூலும் போய்விடும் என்று மூத்தோர் வற்புறுத்திய பின்னரே அவர் சென்று கற்றார்.

ஒரே ஒரு பிரதி. அதுவும் நம்பத்தகாத கலத்தில். அளுவிகாரையில் எழுத்தாணி எடுக்கப்பட்டது இந்த அச்சத்திலிருந்துதான். புதிய பிக்குமாரைப் பழக்கி மனப்பாட மரபைத் திருத்தி எடுக்கும் வழியும் அவர்களிடம் இருந்தது. அதையும் அவர்கள் கைவிடவில்லை. ஆனால் அதை மட்டும் நம்பியிருக்கவும் இல்லை.

நினைவிலிருந்து ஓலைக்கு மாறியதும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. ஓலையும் சாகும் பொருளே. சிங்கள நாட்டில் எழுதப் பயன்பட்டது தாளிப்பனையின் குருத்தோலை. யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் பெருவழக்காக இருந்தது பனையோலை. தாளிப்பனை தன் வாழ்நாளில் ஒரேயொரு முறை பூத்துக் காய்த்து மடிந்துவிடும் மரம். அதன் குருத்து விரியுமுன் வெட்டி, நடுநரம்பை நீக்கி, அவித்து, உலர்த்தி, பனியிலும் வெயிலிலும் பதப்படுத்தி, உருளைக் கட்டையில் இழுத்து வழுவழுப்பாக்குவார்கள். எழுத்தாணியால் கீறிய எழுத்து முதலில் கண்ணுக்குப் புலப்படாது. கரித்தூளை எண்ணெயில் குழைத்துப் பூசித் துடைத்த பின்னரே கீறலில் கருமை தங்கி எழுத்து எழுந்து வரும். நமது பக்கத்தில் இதை மையாடுதல் என்பார்கள்.

இத்தனை பாடுபட்டுச் செய்த ஏட்டுக்கும் வெப்பமும் ஈரமும் நிறைந்த நமது நாட்டில் இரண்டு அல்லது மூன்று நூற்றாண்டு ஆயுள் கிடைத்தால் பெரிது. செல் அரிக்கும், இராமபாணப் பூச்சி துளைக்கும், ஓரம் ஒடியும், கட்டிய கயிறே துளையைக் கிழிக்கும். அப்போது ஏட்டுக்கு உரியவர் முன் நின்றது, இன்று மடிக்கணினி வைத்திருப்பவர் முன் நிற்கும் அதே கேள்விதான்: திருத்துவதா, மாற்றுவதா? எழுத்து மங்கினால் மீண்டும் மையாடலாம். ஓலை வறண்டால் எண்ணெய் தடவலாம். சட்டம் உடைந்தால் வேறு பலகை போடலாம், கயிறு நைந்தால் புதுக்கயிறு கோக்கலாம். இவையெல்லாம் திருத்தம். ஆனால் கீறிய இடமே ஒடிந்து உதிரத் தொடங்கினால் திருத்தத்தால் பயனில்லை. புதிய ஓலை வெட்டிப் பெயர்த்து எழுத வேண்டியதே. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது எழுதிய பதிப்புரையில் அந்தக் கட்டத்தை விவரித்திருக்கிறார். கட்டை அவிழ்த்தால் ஒன்று, புரட்டினால் ஒன்று என்று ஏடு கையிலேயே நொறுங்கிப்போகும் அந்த அவலத்தைப் படித்தவர் மறக்க மாட்டார்கள்.

பெயர்த்தெழுதுவதிலும் இழப்பு உண்டு. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று பழமொழியே இருக்கிறது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டாமல், மெய்க்குப் புள்ளியிடாமல் எழுதிய காலத்தில் ஒரு பிரதியிலிருந்து இன்னொரு பிரதிக்குப் போகும்போது சொல் மாறியது, சில வேளை பொருளே மாறியது. ஆனாலும் நம் கைக்கு வந்திருக்கும் பழந்தமிழ் நூல் ஒவ்வொன்றும் இப்படிப் பலமுறை கலம் மாறி வந்ததே. சங்கப் புலவர் எழுதிய ஓலை ஒன்றுகூட இல்லை. வலகம்பா காலத்து ஓலையும் இல்லை. எழுத்து மட்டும் இருக்கிறது.

அளுவிகாரையின் இரண்டாவது அழிவு 1848இல் வந்தது. துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, இவற்றோடு வீதி வரி என்று டொரிங்டன் பிரபுவின் ஆட்சி அடுக்கிக்கொண்டே போக, அவ்வாண்டு ஜூலையில் மாத்தளை கிளர்ந்தெழுந்தது. கொங்காலேகொட பண்டா தம்புள்ளை விகாரையில் முடிசூடிக்கொண்டான். ஜூலை 28இல் புரன் அப்புவின் ஆட்கள் மாத்தளைக்குள் புகுந்து கச்சேரியைத் தாக்கி வரிப் பதிவேடுகளை அழித்தார்கள். மறுநாள் இராணுவச் சட்டம் வந்தது. புரன் அப்பு ஓகஸ்ட் 8இல் கண்டியில் சுட்டுக்கொல்லப்பட்டான். அதே மாதத்தில் குடாபொல தேரரைக் காவியுடையோடு நிறுத்திச் சுட்டார்கள். அளுவிகாரையின் ஏட்டுச்சாலை அழிந்தது இந்த அடக்குமுறையின்போதுதான்.

ஒரே கிளர்ச்சியில் இரு தரப்பினரும் எதிர்த்தரப்பின் எழுத்தைத் தேடி அழித்திருக்கிறார்கள். கிளர்ச்சிக்காரருக்கு வரிப் பதிவேடுதான் அரசாங்கம். ஏடு என்பது எரிக்கத்தக்க அளவுக்கு வலிமை உடையது என்பதை இருவருமே அறிந்திருந்தார்கள் போலும்.

அழிந்த திரிபிடகத்தை மீண்டும் ஓலையில் எழுதும் பணி இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை நீண்டது. அது இயன்றதற்கு ஒரே காரணம், வேறு விகாரைகளிலும் பர்மாவிலும் சீயத்திலும் அந்நூல் இருந்தது. இலங்கையில் உபசம்பதை மரபு அற்றுப்போனபோது, மதுரை நாயக்கர் வழியில் வந்த கண்டி மன்னன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் 1753இல் சீயத்திலிருந்து உபாலி தேரரை வரவழைத்து அதை மீட்டுக்கொண்டான். இங்கிருந்து போனது அங்கிருந்து திரும்பி வந்தது. பிறிதோரிடத்தில் பிரதி இருந்தால் எரிந்த ஏட்டைக்கூட மாற்றிக்கொள்ளலாம்.

இந்தப் பழைய கதைகளை இப்போது எடுத்துப் பேசக் காரணம் ஒரு மடிக்கணினி.

ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நெடுங்காலம் படிப்பித்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். ஓய்வுக்குப் பிறகு அவர் ஒரு காரியம் செய்யத் தொடங்கினார். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வயது முதிர்ந்தவர்களைத் தேடிப்போய், அவர்கள் சொல்லும் குடும்பக் கதைகளைக் குரலாகப் பதிவுசெய்து, அவர்களின் தகரப் பெட்டிகளில் கிடந்த பழைய தாள்களைப் படமெடுத்து, எல்லாவற்றையும் தமது மடிக்கணினியில் சேர்த்துவந்தார். ஒரு நாள் மாலை அதன் விசைப்பலகை மீது ஒரு குவளைத் தேநீர் கவிழ்ந்தது. தேயிலைத் தோட்டத்து வரலாற்றைத் தேநீரே அழிக்கப் பார்த்ததென்று இப்போது சிரிக்கலாம்; அன்று அவர் சிரிக்கும் நிலையில் இல்லை. பொறி அணைந்தது, பிறகு எழும்பவில்லை. கடையில் திறந்து பார்த்த இளைஞர், தாய்ப்பலகை போய்விட்டது என்றார். "சேர், இதுக்குச் செலவழிக்கிறது வீண். பேசாம புதுசு ஒன்னு எடுத்துருங்க."

அந்த இளைஞரைக் குறை சொல்வதற்கில்லை. கணக்குப்படி அவர் சொன்னது சரி. பற்றரி, திரை, விசைப்பலகை, விசிறி, கீல் ஆகிய உறுப்புகள் கெட்டால் பெரும்பாலும் திருத்துவதே இலாபம். நன்றாக இருக்கும் மற்றப் பாகங்களை ஓர் உறுப்புக்காக எறிய வேண்டியதில்லை. தாய்ப்பலகை கெட்டால் அப்படியல்ல. திரவம் புகுந்த பலகையில் செம்புத் தடங்கள் மெல்ல மெல்ல அரித்துக்கொண்டே போகும். இன்று ஒன்றைச் சரிசெய்தால் அடுத்த மாதம் இன்னொன்று கெடலாம். திருத்தும் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிடு என்பது கடைவீதியில் வழங்கும் பொதுக்கணக்கு.

அந்தக் கணக்கு இலங்கையில் எப்போதும் ஒரே மாதிரி நிற்பதில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் அது 360ஐ எட்டிவிட்டது. எறியலாம் என்று ஒதுக்கிவைத்திருந்த பழைய கணினிகளை அந்த ஆண்டில் மக்கள் அலுமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினார்கள். புதியதன் விலை ஏறினால் பழையதன் மதிப்பும் ஏறத்தானே செய்யும். மறுபக்கம், எந்தப் பழுதும் இல்லாத கணினியையே மாற்றவைக்கும் காரணங்களும் உண்டு. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14இல் நிறுத்தியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ பொறிகள் அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதி இல்லாததால் ஒரே நாளில் கிழடாகிப்போயின. 2022இல் மட்டும் உலகில் சேர்ந்த மின்கழிவு 62 மில்லியன் தொன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதமே என்றும் ஐக்கிய நாடுகள் சார்ந்த அறிக்கை 2024இல் சொன்னது. பிரான்ஸ் 2021 முதல் மடிக்கணினிகளுக்கும் திருத்தத்தகுமைப் புள்ளி போடச் சட்டம் செய்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்தும் உரிமை குறித்துத் தனி ஆணையே பிறப்பித்தது. அங்கே சட்டம் போட்டு மீட்கப் பார்க்கும் பழக்கம், மாத்தளையின் சின்னக் கடைகளில் இன்னும் சாகாமல் இருக்கிறது என்பது வேறு கதை.

ஆனால் நண்பருடைய விடயத்தில் இந்தக் கணக்குகள் எல்லாமே இரண்டாம் பட்சம். கடையில் பேசப்பட்டது பொறியைப் பற்றி மட்டுமே. பொறிக்குள் இருந்ததைப் பற்றி முதல் நாள் யாருமே பேசவில்லை. அவரோ அந்த இரவு முழுக்கப் பொறியை நினைக்கவேயில்லை.

திருத்துவதா மாற்றுவதா என்ற கேள்வியை நமது முன்னோர் எப்படி அணுகினார்கள் என்பதற்கு ஏட்டை விடத் தெளிவான சான்று கோயிலில் இருக்கிறது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1983 ஜூலை வன்செயலில் மாத்தளைத் தமிழரின் கடைகளோடு கோயிலும் தீக்கிரையானது. இன்று 108 அடி இராசகோபுரத்தோடு எழுந்து நிற்கும் அக்கோயிலைப் பழைய கோயிலா புதிய கோயிலா என்று எந்த அடியாரும் கேட்பதில்லை. அவர்களுக்கு அது அதே அம்மன்.

இது வெறும் உணர்ச்சி அல்ல. இதற்கு விதி இருக்கிறது. பழுதுற்ற கோயிலைப் புதுப்பிப்பதை ஆகமங்கள் சீர்ணோத்தாரணம் என்கின்றன. திருப்பணி தொடங்குமுன் மூலவரிடம் உள்ள தெய்வ சக்தியைக் கலாகர்ஷணம் என்னும் கிரியையால் கும்பநீரில் இறக்குவார்கள். அந்தக் கும்பத்திலிருந்து பாலஸ்தாபனத்தில் தற்காலிகத் திருவுருவுக்கு மாற்றி, அங்கே பூசை தடையின்றி நடக்கும். அதன் பிறகே உளியும் சுத்தியலும் கருவறைக்குள் போகலாம். திருப்பணி முடிந்து கும்பாபிடேகத்தன்றுதான் சக்தி மீண்டும் மூலவரிடம் சேரும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அட்டபந்தன மருந்தைப் புதுக்கிச் சாத்துவது சிறு திருத்தம். சிற்ப நூல்கள் திருவுருவின் சேதத்தையும் வகைபிரித்து வைத்திருக்கின்றன. சிறு உறுப்பு குறைபட்டால் சீராக்கலாம். பேருறுப்பு சிதைந்தால் புதிய உரு அமைக்க வேண்டும், பழையதை நீரில் சேர்க்க வேண்டும். எது கீல், எது தாய்ப்பலகை என்று அக்காலத்திலேயே பிரித்திருக்கிறார்கள் என்று சொன்னால் குருக்கள்மார் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இந்த விதியில் வரிசைதான் உயிர். முதலில் உள்ளிருப்பதை வெளியே எடு. பிறகு கலத்தைப் பார். திருத்துவதா மாற்றுவதா என்பது அதற்கு அப்புறம் வரும் கேள்வி.

வரிசை தவறினால் என்னவாகும் என்பதற்கு உ. வே. சாமிநாதையர் எழுதிவைத்த ஒரு நிகழ்ச்சி உண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு அவர் தேடிச் சென்றார். கூளமாய்க் கிடந்த அவற்றை ஆகம முறைப்படி நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதாக அங்கே பதில் வந்தது. பழையதைத் தீயிலோ நீரிலோ மரியாதையுடன் சேர்ப்பது நம்மிடையே இருந்த வழக்கமே. ஆடிப் பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டவர்களும் இருந்தார்கள். பெயர்த்தெழுதிய பின் பழைய ஏட்டை ஆற்றில் விடுவதில் குற்றமில்லை. பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு முன்பாதியை மறந்த காலத்தில், தமிழ் நூல்கள் பல நெருப்பிலும் நீரிலும் முடிந்தன. புதுக்கணினி வாங்கிய மகிழ்ச்சியில் பழையதை இரும்புக்கடைக்கு நிறுத்துப் போடுகிறவர்கள் இன்று செய்வதும் இதைத்தான்.

எல்லாப் பொருளிலும் உள்ளிருப்பதைக் கலத்திலிருந்து பிரிக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். மாத்தளை மாவட்டத்திலேயே அதற்கும் சான்று இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் காலத்தில் தீட்டிய சீகிரியா ஓவியங்கள் மீது 1967 ஒக்டோபரில் யாரோ பச்சைச் சாயத்தைப் பூசினார்கள், சில உருவங்களைக் கொத்திச் சிதைத்தார்கள். இத்தாலிய நிபுணர் லூசியானோ மரான்சி வந்து, தொல்லியல் திணைக்கள இரசாயனவியலாளர் இராஜா த சில்வாவோடு சேர்ந்து அவற்றைச் சீர்ப்படுத்தினார். அங்கே மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தத் தூரிகை போன கை மீண்டும் வராது. ஆகையால் எத்தனை செலவானாலும் திருத்தம் ஒன்றே வழி. ஆனாலும் 1889இல் அலிக் மரேயும், 1896, 97இல் டி. ஏ. எல். பெரேராவும் அந்தப் பாறையில் தொங்கிக்கொண்டு ஓவியங்களைப் படியெடுத்து வைத்திருந்தார்கள். சேதம் நிகழ்வதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே பிரதி எடுத்தாயிற்று.

சீகிரியாவுக்கு அருகிலேயே தம்புள்ளையில் நேர் எதிரான முடிவு. அங்கே சுவரில் நாம் இன்று காணும் ஓவியங்களில் பெரும்பகுதி மேலே சொன்ன கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்தில் பழைய பூச்சின் மேல் புதிதாகத் தீட்டியவை. ஓவிய வரலாற்றாசிரியருக்கு அது இழப்பு. விளக்கேற்றி வணங்கும் விகாரைக்கு அது பராமரிப்பு. இரண்டுமே நியாயந்தான். நாலந்தா கெடிகேயில் நடந்தது மூன்றாவது வகை. தென்னிந்தியச் சிற்ப முறையில் எழுந்த அந்தக் கற்கோயில் மகாவலித் திட்டத்தின் போவதென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கும் நிலை வந்தபோது, கல்கல்லாகக் கழற்றி மேட்டில் மீண்டும் அடுக்கினார்கள். கல் அதே கல், இடம் வேறு.

நண்பருடைய மடிக்கணினிக்குள் இருந்தது இவற்றில் எந்த வகை? அதை அறிய மலையக மக்களுக்கும் தாளுக்கும் உள்ள உறவைத் தெரிந்திருக்க வேண்டும். தலைமன்னாரில் இறங்கி, மன்னார்க் காட்டினூடாகத் தம்புள்ளை, நாலந்தா வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அந்தப் பாதையில் விழுந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1949இன் இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தின் கீழ்க் குடியுரிமை கேட்டவர்கள், தாம் இத்தனை ஆண்டு இங்கே தொடர்ந்து வாழ்ந்தோம் என்பதைத் தாளில் காட்ட வேண்டியிருந்தது. பிறப்புப் பதிவு, தோட்டத்துத் துண்டு, செக்ரோல் பெயர், பாடசாலைச் சான்று எனத் தேடி அலைந்தார்கள். விண்ணப்பித்த எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரில் ஏறத்தாழ 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாமென ஒத்திவைத்தது. எஞ்சியிருந்த நாடற்றோர் சிக்கலைத் தீர்க்க 2003இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. ஒரு தாள் இருந்ததால் ஒரு குடும்பம் தங்கியது. அதே தாள் இல்லாததால் பக்கத்துக் காம்பரா ராமேஸ்வரத்துக்குக் கப்பலேறியது. ஆகையால்தான் அந்த மக்கள் தாளை நகையைப்போலத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள்.

நண்பர் படமெடுத்த தாள்கள் போனாலும் மூலம் பெட்டியில் இருக்கும், மீண்டும் போய்ப் படமெடுக்கலாம். லயத்தில் தீப்பிடித்தும் மண்சரிந்தும் பெட்டியோடு போனவை சில உண்டு. அவற்றுக்கு அந்தப் படமே எஞ்சிய சான்று. குரல்களின் நிலை இதைவிடக் கடினம். கப்பலேறிய அக்காவைப் பற்றியும், குடியுரிமை விசாரணையில் அதிகாரி கேட்ட கேள்விகளைப் பற்றியும், 1983இல் தேயிலைச் செடிகளுக்குள் ஒளிந்த இரவைப் பற்றியும் பேசிய கிழவர், கிழவியரில் பெரும்பாலோர் இன்று உயிரோடு இல்லை. அந்த ஒரு பிக்குவைப்போல, ஒன்றை ஒருவர் மட்டுமே சொல்லக்கூடிய நிலையில் அவர் எடுத்த பதிவுகள் அவை.

மறுநாள் காலை அவர் கடைக்குப் போய், திருத்தவும் வேண்டாம், புதியதும் இப்போதைக்கு வேண்டாம், உள்ளே இருப்பதை எடுத்துத் தர முடியுமா என்றுதான் கேட்டார். நல்ல காலமாக அது சில ஆண்டுகள் பழைய மாதிரி. அதன் சேமிப்பகம் தாய்ப்பலகையில் ஒரு திருகாணியால் மட்டும் பொருத்திய தனித் தகடு. இளைஞர் அதைக் கழற்றி, யூஎஸ்பி உறைக்குள் செருகி, கடைக் கணினியில் இணைத்தார். முதலில் திறக்கவில்லை, பிட்லொக்கர் பூட்டு நாற்பத்தெட்டு இலக்கச் சாவி கேட்டது. கணினி வாங்கிய நாளில் மகள் அதை ஒரு கொப்பியின் பின்னட்டையில் எழுதிவைத்திருந்தாள். வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து இலக்கம் இலக்கமாக வாசிக்கச் சொல்லித் தட்டினார்கள். கோப்புகள் எல்லாம் இருந்தன.

எல்லாப் பொறியிலும் இது இவ்வளவு சுலபமாக அமையாது. 2016க்குப் பின் வந்த மக்புக் புரோ பலவற்றில் சேமிப்பகம் தாய்ப்பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. 2018க்குப் பின் வந்தவற்றில் தரவைக் குறியாக்கம் செய்யும் சிப்பும் அதே பலகையில் உண்டு. மெல்லிய மடிக்கணினிகள் வேறு பலவும் இப்போது இவ்வழியில் போகின்றன. அங்கே பலகை செத்தால், வேறு பிரதி இல்லாத நிலையில், புதியதன் விலையைக் காட்டிலும் அதிகம் கொடுத்தாவது பலகையை ஒரு தடவை உயிர்ப்பித்தே ஆக வேண்டும். பாதி விலைக் கணக்கு அங்கே செல்லாது. அது சீகிரியா வகை.

கோப்புகள் கைக்கு வந்த பிறகு நண்பருக்கு முடிவெடுக்க ஐந்து நிமிடம் ஆகவில்லை. பலகையைத் திருத்தும் செலவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து, அலுவலகத்தில் பாவித்துப் புதுப்பித்த மடிக்கணினி ஒன்றை அதே கடையில் வாங்கினார். பழையதன் திரையும் நினைவகமும் நல்ல நிலையில் இருந்ததால் இளைஞர் அவற்றை விலைக்கு எடுத்துக்கொண்டார். குரல் பதிவுகளின் ஒரு பிரதி கண்டியில் மகள் வீட்டு வன்தட்டில் இருக்கிறது. இன்னொன்று கனடாவில் தம்பியிடம் போயிருக்கிறது. மூன்றாவதை, 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் திட்டத்தைப் போன்ற ஓர் இடத்தில் சேர்க்கப் பேசிக்கொண்டிருக்கிறார். குடும்பங்களிடம் சம்மதம் கேட்க வேண்டியிருப்பதால் அது தாமதமாகிறது. சிலர் சரி என்கிறார்கள். ஒரு வீட்டில், ஆச்சி சொன்னதை ஊருக்கெல்லாம் போட வேண்டாம், எங்களுக்கு ஒரு பிரதி தந்தால் போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்களாம்.